சிர்க்கலாய்-2-ஆ, சிர்க்கோனியம்-நியோபியமா: அணுஉலைக்குள் எது தாங்கும்?

ராணிப்பேட்டை சிப்காட் பட்டறைகளில் குழாய் ஆர்டர் வந்தால், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) 304 போடுவதா, 316 போடுவதா என்ற பேச்சு வரும். தோல் கழிவுநீரில் உப்பு அதிகம் என்றால் மாலிப்டினம் கலந்த 316 பக்கம் சாய்வார்கள். தண்ணீரைப் பார்த்தே உலோகத்தை முடிவு செய்துவிடலாம். கல்பாக்கம் கனநீர் உலையில் எரிபொருளைத் தாங்கி, சூடான கனநீர் அழுத்தத்தோடு பாயும் அழுத்தக் குழாய்க்கு அது போதாது. அங்கே கதிர்வீச்சு தண்ணீரையும் உடைக்கிறது, உலோகத்தின் உள்கட்டமைப்பையும் மாற்றுகிறது.

எஸ்எஸ் முதலிலேயே கழிந்துவிடும். இயற்கை யுரேனியத்தில் ஓடும் உலையில் அது, அணுப்பிளவைத் தொடர வைக்கும் நியூட்ரான்களை அதிகமாக விழுங்கும். அப்புறம், கதிர்வீச்சில் படிக எல்லைகளில் (உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் கோடுகளில்) குரோமியம் குறைந்து, அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடக்கூடும். ஆக, போட்டி நியூட்ரான்களை அதிகம் விழுங்காத சிர்க்கோனியத்தின் இரண்டு கலவைகளுக்குள்தான்.

சிர்க்கலாய்-2-இல் சுமார் 1.5 சதவீதம் வெள்ளீயம். கூடவே இரும்பு, குரோமியம், நிக்கல் நுண்துகள்களாக இருக்கும். நியூட்ரான் அடியில் இந்தத் துகள்கள் மெல்லக் கரைகின்றன. ஆண்டுகள் போகப்போக ஆக்சைடு படலம் தடிக்கிறது, கனநீரிலிருந்து டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) உள்ளே ஏறுவதும் வேகமெடுக்கிறது. அது சிர்க்கோனியத்தோடு சேர்ந்து ஹைட்ரைடு என்ற நொறுங்கும் சேர்மமாகப் படிந்தால் குழாய் எளிதில் உடையும். 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தின் 2ஆம் அலகில் நடந்தது இதுதான். இடைவெளி காக்கும் வளையம் இடம் மாறி, சூடான குழாய் குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடங்களில் ஹைட்ரைடு கொப்புளங்கள் கிளம்பின. குழாய் சுமார் 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது.

2.5 சதவீதம் நியோபியம் சேர்ந்த கலவையில் கதை தலைகீழ். கதிர்வீச்சில் நியோபியம் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து வெளிவருகிறது. சுற்றியுள்ள சிர்க்கோனியத்தில் அதன் அளவு குறைய, அரிப்பும் குறைகிறது. கதிர்வீச்சு என்றாலே உலோகத்துக்குக் கேடு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். டியூட்டீரியமும் மெதுவாகவே ஏறுகிறது. வலிமை கூடுதல் என்பதால் குழாய்ச் சுவரை மெல்லியதாக்கலாம்.

என் ஓட்டு நியோபியத்துக்கே. கல்பாக்கத்தின் இரண்டு அலகுகளிலும், ஒவ்வொன்றிலும் 306 குழாய்கள் வீதம், 2000களின் முதல் பாதியில் இந்தக் கலவைக்கு மாற்றப்பட்டன. ஆனால் இதையும் கண்மூடி நம்பக் கூடாது. 1974இல் பிக்கரிங் 3ஆம் அலகில் இதே கலவைக் குழாய்கள் கசிந்தன. முனைகளை உருட்டி இறுக்கியபோது தங்கிய அழுத்தமும் ஹைட்ரைடும் சேர்ந்து விரிசலை வளர்த்தன. அதனால் முனை இணைப்புகளைச் சோதிப்பதிலும், ஏறும் டியூட்டீரியத்தை அளப்பதிலும் எந்தச் சலுகையும் தரக் கூடாது.