கிளிப் இல்லாத ‘ஜப்பான் பேனா’வை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்

நெல்லைப் பக்கம் மைப்பேனாவில் எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் வைத்து, மூடியே இல்லாத பேனா, பின்னால் தட்டினால் நிப் வெளியே வரும், ஜப்பானின் பைலட் கம்பெனி செய்யும் கேப்லெஸ், 18 காரட் தங்க நிப் என்று சொல்லி என்னிடம் 11,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் ஒரு பேனாவைக் கொடுத்தார். அது பைலட்டும் இல்லை, நிப் தங்கமும் இல்லை. அவர் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நகை மதிப்பீட்டாளர். அம்பாசமுத்திரம் பக்கம் இரண்டு வங்கிக் கிளைகளில் அடகுக்கு வரும் நகையை உரசிப் பார்த்து, எடை போட்டு, கல், அரக்குக் கழித்து எழுதிக் கொடுப்பது வேலை. இடது கையில் நகை இருக்கும், வலது கையில் பேனா. அப்பா கொடுத்த எபோனைட் பேனா ஒன்று இருக்கிறது, மை கொட்டாமல் கொள்ளாமல் அருமையாக எழுதும், ஆனால் மூடியைத் திருகிக் கழற்ற இரண்டு கையும் வேண்டும், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை நகையைக் கீழே வைத்துவிட்டுத் திருகிக்கொண்டிருக்க முடியாது. கார்பன் வைத்து எழுதும் படிவத்துக்குப் பால்பாயிண்ட் பேனாதான் ஆகும், அது வேறு. பதிவேடும் நகைப் பை மேல் ஒட்டும் சீட்டும் எழுதுவதற்கு எனக்கு மைப்பேனாதான் சௌகரியம், அழுத்தி எழுதினால் மணிக்கட்டு வலிக்கிறது.

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பல வருடமாக ஒரு கேப்லெஸ் வைத்திருக்கிறார். ஜப்பானில் பைலட் இதை 1963இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது திருகித்தான் நிப்பை வெளியே எடுக்க வேண்டியிருந்தது, தட்டுகிற வகை அடுத்த வருடம் வந்தது என்று அவர்தான் சொன்னார். அவர் வீட்டில் அதை வாங்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கட்டைவிரலால் ஒரு தட்டு, நிப் வருகிறது, இன்னொரு தட்டு, உள்ளே போகிறது, வாயில் இருக்கும் சின்னக் கதவு மூடிக்கொள்கிறது. எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது: கிளிப் நிப் பக்கத்தில் இருக்கிறது. ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அந்தத் தகடு வந்து உட்கார்ந்துகொள்கிறது, நான் பேனாவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறவன், எனக்கு உறுத்தியது.

இந்த உறுத்தலை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். மறுநாளே ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். “அண்ணாச்சி, உங்களுக்குன்னே கிளிப் இல்லாத மாடல் ஒண்ணு இருக்கு, ஜப்பான்ல இருந்து நேரா வந்தது” என்றார். கடை விலையைவிட நல்ல குறைவு. பெட்டி இல்லை, பில் இல்லை, கேட்டதற்கு “பில்லு போட்டா அந்த வெலைக்குத் தர முடியாது அண்ணாச்சி” என்றார். நேரில் வந்து பேனாவைக் கையில் கொடுத்தார், மை ஊற்றியே கொண்டுவந்திருந்தார், டீக்கடை பெஞ்சில் வைத்து என் பெயரை எழுதினேன், வழுக்கிக்கொண்டு போனது. நிப்பைக் கழற்றிப் பார்க்கலாமா என்றேன். “கழத்திராதீய, கழத்துனா வாரண்டி போயிரும்” என்றார். நம்பி ஜிபேயில் பணம் அனுப்பினேன்.

கேப்லெஸ் வகைப் பேனாவில் உடம்பை நடுவில் திருகினால் இரண்டாகப் பிரியும், உள்ளிருந்து நிப், அதற்கு மை கொண்டுவரும் நாக்கு, மைக்குழாய் எல்லாம் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும். மை நிரப்புவதற்கே அப்படித்தான் கழற்ற வேண்டும். கழற்றினால் வாரண்டி போகும் என்று சொல்வது சைக்கிளுக்குக் காற்று அடித்தால் வாரண்டி போகும் என்று சொல்வது போல. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வெளியே எட்டிப் பார்க்கிற நுனி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான் நான் பார்த்தது.

முதல் வாரம் நன்றாகத்தான் எழுதியது. சனி, ஞாயிறு எடுக்காமல் வைத்திருந்தால் திங்கட்கிழமை முதல் நாலு எழுத்து வரவில்லை, உதறி எழுத வேண்டியிருந்தது. அப்புறம் சித்திரை வெயில் வந்தது.

அன்றைக்கு நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓர சீட், சட்டைப் பையில் பேனா. கிளிப் இல்லாததால் அது நிப் கீழே பார்க்கச் சரிந்து கிடந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மைக்குழாய் பாதி காலி. பாதி காலியான குழாயில் இருக்கும் காற்று சூட்டில் விரியும், விரிந்தால் மையைத் தள்ளும், நிப் கீழே இருந்தால் தள்ளுகிற மை வெளியேதான் வரும். எந்த மைப்பேனாவுக்கும் இது உண்டு, ஆனால் மூடி போட்ட பேனாவில் மை மூடிக்குள் நிற்கும். இதில் நிற்க வேண்டிய இடம் அந்தச் சின்னக் கதவு, அது சரியாக மூடவே இல்லை.

கிளைக்குப் போய் உட்கார்ந்ததும் முதல் ஆளாக ஒரு ஆச்சி காதில் போடும் பாம்படத்தை முந்தியில் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். பாம்படத்தில் மேல் தகடுதான் தங்கம், உள்ளே அரக்கு இருக்கும், கழிவு பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். நிதானமாகப் பார்த்து முடித்து, சீட்டு எழுதப் பேனாவைத் தட்டினேன், சொட்டென்று ஒரு பெரிய மைத்துளி ஆச்சியின் பெயர் மேலேயே விழுந்து பதிவேடு வரைக்கும் ஓடிவிட்டது. “ஏ ராசா, சட்டையப் பாரு, பேனா ஒழுவுது” என்று ஆச்சிதான் காட்டினார்கள். பை முழுக்க நீலம். பதிவேட்டில் அடித்துத் திருத்தி, மேலாளர் கையெழுத்து வாங்கி, மறுபடி எழுதி முடிக்கும்வரை அந்த வயதான அம்மா அரை மணி நேரம் பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தார்கள். பேரன் படிப்புக்குப் பணம் கட்ட வந்தவர்கள். சட்டை போனதைவிட எனக்கு அதுதான் இன்னும் மனதில் கிடக்கிறது.

மதியம் வாரண்டியைப் பற்றி யோசிக்காமல் திருகிக் கழற்றினேன். நிப்பில் ஒரு எழுத்துகூட இல்லை. பேராசிரியரின் பேனா நிப்பில் பைலட் பெயரும் ‘18கே-750’ என்ற முத்திரையும் தெளிவாக இருந்ததைப் பிறகு சரிபார்த்தேன். 750 என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், நகையில் தினமும் பார்க்கிற கணக்குத்தான். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், நிப் போய் ஒட்டிக்கொண்டது. உரைகல்லில் ஓரத்தை லேசாக இழுத்தேன், முதல் இழுப்பில் மெல்லிய மஞ்சள், இரண்டாவதில் வெறும் சாம்பல் கோடு. முலாம் பூசிய இரும்பு நிப். பேனா உடம்பில் நடு வளையத்தில் ஏதோ எழுதியிருந்ததைத் தேய்த்து எடுத்த தடமும் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது.

இதே அமைப்பில் சீனாவில் மஜோன் ஏ1 என்று ஒரு பேனா செய்கிறார்கள், கிளிப் இல்லாமலும் வருகிறது, பைலட்டைவிட விலை மிகக் குறைவு. அதை அதன் பெயரிலேயே, அதன் விலைக்கு வாங்குகிறவர் ஏமாறவில்லை. என்னிடம் வந்தது எந்தக் கம்பெனிச் சரக்கோ, பெயரைத் தேய்த்துவிட்டு ஜப்பான் தங்கம் என்று விற்றதுதான் குற்றம்.

போன் போட்டேன். முதல் தடவை “பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்றார். இரண்டாவது தடவை, தங்க முலாம் என்றுதான் சொன்னேன் என்றார். அவர் அனுப்பிய செய்தியில் ‘18 காரட் தங்க நிப்’ என்று இருப்பதைப் படித்துக் காட்டினேன், “வாங்கிட்டு உரசிப் பாத்தா நான் என்ன செய்ய” என்று வைத்துவிட்டார். மூன்றாவது தடவை என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

1915க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், போன் செய்து பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாதது எனக்குப் பெரிய பலவீனம்தான். அந்த வாட்ஸ்அப் செய்தியும் ஜிபே ரசீதும் மட்டுமே கையில் இருக்கிறது, அதனால் தயவுசெய்து எதையும் அழித்துவிடாதீர்கள்.

இவ்வளவு ஆன பிறகும் மூடியில்லாத பேனாவே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். நின்றுகொண்டு எழுதுகிறவர்கள், ஒரு கையில் வேறு வேலை இருக்கிறவர்கள், இரண்டு வரி எழுதி நிறுத்தி மறுபடி எழுதுகிறவர்கள், இவர்களுக்கு அதைப் போல ஒன்று கிடையாது. உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களுக்கு எதற்கு? நாமே மை நிரப்பிக்கொள்ளும் பைலட்டின் கான்-40 குழாயில் 0.4 மில்லி மைதான் பிடிக்கும், மை அடைத்தே வரும் கார்ட்ரிட்ஜில் 0.9 மில்லி, தினமும் நிறைய எழுதினால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பேராசிரியரின் அசல் பேனாவே நாலைந்து நாள் சும்மா கிடந்தால் முதல் கோடு தயங்கும் என்கிறார், மாதம் ஒரு தடவை நிப்பைத் தண்ணீரில் அலசுகிறார். பைக்குள் தெரியாமல் பொத்தான் அழுந்தினால் நிப் வெளியே வந்துவிடும், துணி போச்சு. அப்புறம் அந்தக் கிளிப்: எனக்கு உறுத்திய கிளிப்தான் சட்டைப் பையில் நிப்பை மேலே பார்க்க நிறுத்தி வைக்கிறது. அது நிப் பக்கம் இருப்பதே அதற்காகத்தான். விரலுக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு பேனாவுக்குப் போக வேண்டுமே தவிர கிளிப்பை விட்டுவிட்டுத் தேடியிருக்கக் கூடாது நான்.

வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பு அங்கேயே திருகிக் கழற்றி நிப் முத்திரையைப் படியுங்கள். கழற்ற விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பையில் சின்னக் காந்தம் இருந்தால் நல்லது, ஒட்டினால் நிச்சயம் தங்கம் இல்லை, ஒட்டாவிட்டால் தங்கம் என்று அர்த்தமும் இல்லை. நிப்பை உள்ளே இழுத்துவிட்டு, செல்போன் விளக்கை வாய்ப்பக்கம் அடித்துக் கதவு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள், ஒரு கீற்று இடைவெளி இருந்தாலும் காயும்.

நேற்று வேறொரு குழுவில், வேறு எண்ணிலிருந்து, அதே படத்தைப் போட்டிருக்கிறார். அதே நீல மேசை விரிப்பு, அதே கிளிப் இல்லாத கறுப்புப் பேனா. விலை 9,500 என்று போட்டு, கீழே ‘ஒன்றுதான் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார்.