நீச்சல் குளத்துக்குக் கீழே கேபின் எடுக்காதீர்கள்

கப்பல் பெயரைச் சொல்லப் போவதில்லை. நவம்பரில் பார்சிலோனாவில் ஏறி, மலாகாவிலும் டெனெரிஃப் தீவிலும் நின்று, அட்லாண்டிக்கைக் கடந்து பார்படோஸில் இறங்கும் 12 இரவுப் பயணம். கோடை முழுக்க மத்தியதரைக் கடலில் ஓடிய கப்பல்கள் குளிர்காலத்துக்குக் கரீபியன் பக்கம் இடம் மாறும்போது இப்படி ஆள் ஏற்றிக்கொள்வார்கள். நாள் கணக்கில் பார்த்தால் மலிவுதான். ஆனால் டெனெரிஃபை விட்டால் ஆறு நாள் கரையே கிடையாது. அக்காவும் நானும் போனோம், இருவருக்குமே முதல் கப்பல்.

பெட்டி முழுக்கத் துறைமுகங்களுக்காக அடுக்கியதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. இரண்டு ஜோடி நடைக் காலணி, குடை, ஊர் வரைபடங்கள். வழியில் கரையில் கால் வைத்ததோ இரண்டே பகல். கடலில் படிக்க எடுத்துப்போன ஒரே புத்தகம் மலாகாவிலேயே முடிந்துவிட்டது.

கேபினுக்கு வருகிறேன். ஆட்டம் தெரியாமல் இருக்க, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். ‘நடு’ நினைவிருந்தது, ‘கீழ்’ மறந்துவிட்டது. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்க்கவும் தோன்றவில்லை. நீச்சல் குளம் இருந்தது. தினமும் விடியற்காலை ஐந்தரைக்குச் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசை போடுவார்கள். ஒரு நீளமான கர்ர்ர், கொஞ்சம் அமைதி, மறுபடி கர்ர்ர். அக்கா இருட்டிலேயே எண்ணிக்கொண்டிருப்பாள்: “நாப்பத்திரெண்டுடி. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, இப்ப வரும் பாரு.” வரும். வரவேற்பு மேசையில் போய்ச் சொன்னேன். ரொம்பப் பணிவாகக் கேட்டுக்கொண்டு, காதில் வைக்கப் பஞ்சு மாதிரி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். வேறு கேபின் காலியில்லையாம்.

மேற்கே போவதால் ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள், அதாவது 25 மணி நேர நாட்கள். அதனால் இழந்த தூக்கத்தில் பாதி திரும்பி வந்தது. இதே கடலைக் கிழக்கே கடப்பவர்களுக்கு அதே ஐந்து மணி நேரம் கையை விட்டுப் போகும். திசை பார்த்து டிக்கெட் எடுங்கள்.

கேபின் சுவர் இரும்புத் தகடு என்று கேள்விப்பட்டு ஆறு காந்தக் கொக்கி கொண்டு போயிருந்தேன். தொப்பி, ஈரத்துணி, அக்காவின் கைப்பை எல்லாம் அதில்தான் தொங்கின. அவள் கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் ஏறும்போதே பிடித்துவைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் கொடுத்தார்கள். கப்பலில் தீ என்றால் ஓட இடமில்லை, அவர்கள் செய்தது சரி. பெரிய பெட்டி கேபினுக்கு வர இரவு ஏழாகிவிட்டது. மாத்திரையும் ஒரு மாற்றுடையும் கைப்பையிலேயே இருக்கட்டும். போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் வழி செல் இணைப்பில் அது தானாக ஏறிக்கொள்ளும், பில் வந்தபிறகுதான் தெரியும்.

புறப்படும் முன் அவசரகாலப் பயிற்சி உண்டு. ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு. சிலர் சலித்துக்கொண்டார்கள். 2012-இல் கோஸ்டா கான்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. படகு இருக்கும் இடத்துக்கு நானும் அக்காவும் தனியாக இன்னொரு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தோம்.

மறுநாள் நிகழ்ச்சிப் பட்டியலை முந்தின மாலையே கேபினில் வைத்துவிடுவார்கள். முதல் கடல் நாளில் பேனாவால் பதினொன்றை வட்டமிட்டோம். அதில் ‘இலவசக் கருத்தரங்கு’ என்று போட்டிருந்த மூன்றும் ஏதோ ஒன்றை விற்க வந்தவை. ஓவிய ஏலமும் அந்த ரகம்தான். நடன வகுப்பு நன்றாகவே இருந்தது, கப்பல் சாயாதவரை. டெனெரிஃபை விட்ட மறுநாள் அலை உயர்ந்தது. நீர்வண்ண வகுப்பில் நான் தீட்டிய வானம் தாளில் வலப்பக்கம் வழிந்து, யோசித்து, இடப்பக்கம் திரும்பி வந்தது. ஆசிரியை “அப்படியே விடுங்கள், நன்றாக இருக்கிறது” என்றார். எனக்குப் படம் தெரியவில்லை, வயிறு மட்டும்தான் தெரிந்தது. குமட்டல் மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். நான் பின்னால் போட்டேன், அதுவும் கூடவே வெளியே வந்துவிட்டது.

காசு கொடுக்காமல் கிடைத்த இரண்டைத்தான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஒன்று, ஓய்வுபெற்ற மாலுமி ஒருவரின் பேச்சு. கொலம்பஸ் 1492 செப்டம்பர் 6 அன்று டெனெரிஃபுக்குப் பக்கத்துத் தீவான லா கோமேராவிலிருந்து கிளம்பி, அக்டோபர் 12 அன்று கரையைக் கண்டார். இதே பக்கம், பின்னாலிருந்து தள்ளும் இதே கிழக்குக் காற்று, 36 நாள். மற்றது, தினமும் நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் இருக்குமிடமும் காற்றும் ஆழமும் சொல்வது. “நமக்குக் கீழே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தண்ணீர்” என்று ஒரு நாள் சொன்னார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அக்கா தரையைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் தண்ணீரிலிருந்து வெள்ளிச் சிதறலாகப் பறக்கும் மீன்கள் கிளம்பின. நிகழ்ச்சித் தாளில் அது இல்லை.

5-க்கு 3.5 கொடுக்கிறேன். ஒன்று நாற்காலிகளுக்காகக் குறைத்தது, மீதி அரை ‘கருத்தரங்கு’களுக்கு. அடுத்ததற்கு அக்கா ஏற்கெனவே வரைபடத்தை விரித்துவிட்டாள். நாலாம் தளம், நடு. மேலேயும் கேபின், கீழேயும் கேபின்.