பழைய ஐ5 மெஷினில் ஆர்எக்ஸ் 6600 போட்டேன்: கார்டு எப்படி, கடை எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் ஜெனரேஷன் இன்டெல் மெஷின் வைத்திருப்பவர்கள் ஆர்எக்ஸ் 6600, அதாவது ஏஎம்டியின் கிராஃபிக்ஸ் கார்டை, தைரியமாக வாங்கலாம். ஆனால் கார்டு விலையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், அதற்கு மேல் இன்னொரு ஏழெட்டாயிரம் இருந்தால்தான் வேலை முடியும். அந்த ஏழெட்டாயிரம் எதற்குப் போகிறது என்பதைத்தான் இங்கே பெரும்பாலும் எழுதப் போகிறேன். கார்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி வாய் திறக்க ஆளில்லை.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. மெஷின் 2014-ல் வாங்கியது. ஐ5-4570 (நாலாம் ஜெனரேஷன் இன்டெல் ப்ராசஸர்), பி85 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி கார்டு. அந்தக் கார்டு அந்த வருஷம் பிப்ரவரியில்தான் வந்தது. வெறும் 60 வாட், தனியாகப் பவர் வயர்கூட வேண்டாம், போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது, ஒரு குறை சொல்ல முடியாது. ஜிடிஏ 5 முழுக்க அதில்தான் முடித்தேன். ஆனால் 2 ஜிபி மெமரி இன்றைக்கு எந்த மூலைக்குக் காணும்? புது கேம் போட்டால் சுவர், தரை எல்லாம் சேற்றை அப்பிய மாதிரி வரும். சில கேம் திறக்கவே திறக்காது, ஏனென்றால் கேம்கள் கார்டோடு பேசப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12-ல் அந்தக் கார்டு 11_0 என்ற கீழ்ப் படியோடு (ஃபீச்சர் லெவல்) நின்றுவிட்டது.

சரி மாற்றலாம் என்று முடிவு செய்ததும் முதலில் தேடியது செகண்ட்ஹேண்ட்தான். பாலக்காட்டில் ஒருவர் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி விற்பதாகச் சொன்னார், விலையும் ஆசை காட்டுகிற விலை. நேரில் போனேன். "ஒரு குழப்பவுமில்ல சேட்டா" (ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணா) என்று கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தால் நாலு ஸ்க்ரூவிலும் தலை தேய்ந்திருக்கிறது, பவர் வரும் பக்கம் போர்டு காபிக் கலருக்குப் போயிருக்கிறது, தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து ஓரமெல்லாம் பிசுபிசுப்பு. 2022 செப்டம்பரில், கார்டுகளை ஓட்டி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் நின்றதும் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன, இதுவும் அதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. போதாததற்கு 580-க்கு 185 வாட் வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து, பக்கத்து டவுனில் ஒரு கடை. ஆர்எக்ஸ் 6600 இருக்கிறது, இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்தக் கார்டுக்கு வேண்டிய 8 பின் பவர் வயர் என்னுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லையே என்று கேட்டதற்கு, பழைய ஹார்ட் டிஸ்க் மோலெக்ஸ் வயரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டரை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்து "இது போதும், எல்லாரும் இதுதான் போடறாங்க" என்றார் அங்கே நின்றவர். நூற்றைம்பது ரூபாய். அன்றைக்குக் கையில் பணம் குறைவாக இருந்ததால் திரும்பி வந்தேன், அதுவும் நல்லதாகப் போயிற்று.

ஓணம் லீவில் வேலந்தாவளம் வழி பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி காந்திபுரம் போனேன். எல்லை தாண்டினால் விலை குறையும் என்று நினைத்துப் போகவில்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே 18 சதவீதம்தான். கோயம்புத்தூரில் நாலு மாடல் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பதற்காகத்தான் போனேன். ஒரு முதல் மாடிக் கடை, நாலு பேர் நின்றால் ஐந்தாமவருக்கு இடமில்லை. கடைக்காரர் கார்டு விலையையே சொல்லவில்லை. கேட்ட முதல் கேள்வி, "எஸ்எம்பிஎஸ் என்ன போட்டிருக்கீங்கண்ணா, ஸ்டிக்கரை போட்டோ எடுத்துட்டு வந்தீங்களா?" எடுத்துப் போயிருக்கவில்லை. வீட்டுக்கு போன் போட்டு அக்கா மகனிடம் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடைக் கழற்றச் சொல்லி போட்டோ வாங்கிக் காட்டினேன்.

ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 450 வாட். அவர் அதைப் பார்க்கவே இல்லை, படத்தைப் பெரிதாக்கி கீழே சின்னக் கட்டத்தில் பிளஸ் 12வி என்ற இடத்துக்கு நேராக விரலை வைத்தார். 16 ஆம்பியர். "பன்னிரண்டைப் பதினாறால பெருக்குங்க." 192 வாட். ப்ராசஸரும் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட் லைனில்தான். ப்ராசஸர் 84 வாட், கார்டு 132 வாட், இரண்டும் சேர்ந்தாலே 216. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அது, பத்து வருஷம் பழசு வேறு. அந்த மோலெக்ஸ் கன்வெர்ட்டரை மாட்டி ஓட்டியிருந்தால் வயர் உருகியிருக்கும், இல்லை போர்டையும் சேர்த்துக் கொண்டு போயிருக்கும். உங்கள் மெஷினில் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் இருந்தால் இன்றைக்கே திறந்து அந்தச் சின்னக் கட்டத்தைப் பாருங்கள், மேலே எழுதியிருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்வி, மானிட்டரில் என்ன வயர். என்னுடையது விஜிஏ மட்டும் உள்ள 1600க்கு 900 மானிட்டர். ஆர்எக்ஸ் 6600-ல் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான், விஜிஏ கிடையாது, டிவிஐயும் கிடையாது. இதை யோசிக்காமல் கார்டு வாங்கி வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பி வருகிறவர்கள் நிறைய என்றார். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் 350 ரூபாய்.

மற்ற கார்டுகளையும் கேட்டுப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் மாற்ற முடியாது என்பவர்களுக்கு ஜிடிஎக்ஸ் 1650-ல் 75 வாட்டில் தனி வயர் இல்லாமல் ஓடும் மாடல் இருக்கிறது, 4 ஜிபிதான், சமாளிக்கலாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவு, ஆனால் அதற்கு நாலே லேன் (கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் பாதை). கார்டு மாட்டும் ஸ்லாட் பிசிஐஇ 4.0 ஆக இருக்கும் போர்டில் அது போதும், நம்முடைய 3.0 போர்டில் அந்தப் பாதையின் வேகம் பாதியாகி, இருக்கிற 4 ஜிபி மெமரி நிறைந்ததும் திணறும். 6600-க்கு எட்டு லேனும் 8 ஜிபியும் இருப்பதால் 3.0-விலும் பெரிய நஷ்டமில்லை. இன்டெல் ஆர்க் பக்கம் பழைய போர்டுக்காரர்கள் போகவே வேண்டாம், ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே மூச்சில் அணுகும் வசதி) இல்லாமல் அது சரியாக ஓடாது, நாலாம் ஜெனரேஷன் போர்டுகளில் அந்த வசதி இல்லை.

கடைசியில் நான் கொடுத்தது கார்டுக்கு 21,800, 550 வாட், ப்ரான்ஸ் (bronze) தரச் சான்று உள்ள எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,200. பில்லில் கார்டின் சீரியல் நம்பரை அவரே கேட்காமல் எழுதிக் கொடுத்தார், வாரண்டி 3 வருஷம்.

வீட்டில் மாட்டியது ஒரு முழு நாள் வேலை. எங்கள் ஊர்ப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஜன்னலைச் சாத்தினாலும் செம்மண் உள்ளே வந்துவிடும். ப்ராசஸர் ஃபேனைக் கழற்றினால் ஹீட்சிங்க் இடுக்கில் தூசி கம்பளித் துணி மாதிரி ஒரே விரிப்பாக உரிந்து வந்தது, தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. பழைய கார்டை எடுக்கும்போது ஸ்லாட் ஓரத்து பிளாஸ்டிக் கொக்கியை விரலால் அழுத்தாதீர்கள், பத்து வருஷ பிளாஸ்டிக் படக்கென்று ஒடிந்துவிடும். ஐஸ்குச்சி ஒன்றை வைத்து மெதுவாகத் தள்ளினேன், தப்பித்தது.

எல்லாம் மாட்டி ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. வயிற்றில் புளியைக் கரைத்தது. ராத்திரி எட்டரை மணிக்குக் கடைக்காரருக்கு போன் செய்தேன், எடுத்தார். "பயப்படாதீங்கண்ணா, கார்டைக் கழட்டிட்டு போர்டுல இருக்கற விஜிஏல மானிட்டரை மாட்டுங்க, பயாஸ் எந்த வருஷம்னு பாருங்க" என்றார். பயாஸ் என்பது மெஷினைத் தொடங்கி வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். என்னுடையது 2013 பயாஸ். போர்டு கம்பெனி தளத்திலிருந்து கடைசிப் பயாஸை எடுத்து பென்டிரைவில் போட்டு ஏற்றச் சொன்னார், யூபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார், நடுவில் கரண்ட் போனால் போர்டு அவ்வளவுதான். அப்படியே ஏற்றிவிட்டு மறுபடி கார்டு மாட்டினேன், திரை வந்தது. பழைய என்விடியா டிரைவரை சேஃப் மோடில் சுத்தமாக நீக்கிவிட்டு ஏஎம்டி டிரைவர் போட்டேன். விற்ற பிறகு அந்த நேரத்தில் போனை எடுத்து அரை மணி நேரம் கூட நின்ற மனிதரை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. கடைப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம், ஏற்கெனவே வேலைக்கு ஆள் பற்றவில்லை என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

அப்புறம் கார்டு எப்படி? ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ ஹை செட்டிங்கில் போட்டு, புல்வெளியில் குதிரையை நடத்திக்கொண்டு சும்மா பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார்டு சூடு 70 டிகிரிக்கு மேல் போகவில்லை, அது எங்கள் ஊர் வெயிலுக்குப் பெரிய விஷயம். சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும், சத்தமே இல்லை.

ஆனால் ஊருக்குள் கூட்டமான இடம் வந்ததும் திக்கித் திக்கி ஓடியது. திரையில் எண்களை வைத்துப் பார்த்தேன், ப்ராசஸரின் நாலு கோரும் 100 சதவீதம், கார்டு 55 சதவீதம். ஐ5 நாலே த்ரெட் உள்ளது, அதாவது ஒரே நேரத்தில் நாலு வேலைதான் பார்க்கும், கார்டுக்கு வேலை எடுத்துக் கொடுக்கவே அதனால் முடியவில்லை. செட்டிங்கைக் குறைத்தால் இது சரியாகாது, கார்டுக்குத்தான் வேலை குறையும். மூன்று வாரம் கழித்து அதே கடையில் செகண்ட்ஹேண்ட் ஐ7-4770 ஒன்று 3,500-க்கு எடுத்தேன், அதே சாக்கெட், எட்டு த்ரெட். திக்கல் முக்கால்வாசி போய்விட்டது. பொங்கலுக்கு ஃபுல் எச்டி மானிட்டரும் வாங்கினேன், ரெசல்யூஷன் ஏறியும் ஃப்ரேம் குறையவே இல்லை, சும்மா இருந்த கார்டுதானே கூடுதல் வேலையைப் பார்க்கிறது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது, நாலாம் ஜெனரேஷனுக்கு முறைப்படி விண்டோஸ் 11 கிடையாது. அதனால் இந்த மெஷின் இன்னும் ரொம்ப நாள் ஓடும் என்று நான் சொல்லவில்லை, பேங்க் வேலைகளை இதில் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். போர்டு மாற்றும் நாளில் கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கழற்றி அப்படியே புதுப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம், பத்தாயிரத்துக்குள் ஏதாவது ஒரு பழைய கார்டைப் போட்டு முடிக்காமல் இதற்குச் செலவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். 750 டிஐ இப்போது அக்கா மகன் மெஷினில் ஓடுகிறது, அவனுடைய எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும்.