மூளை அறுவைக்குப் பிறகு ‘வீட்டுக் கவனிப்பு’ விற்பவர்களிடம் பணம் கட்டும் முன்...

இரண்டு மாதச் சம்பளம். அவ்வளவையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன். பெயரைப் போடவில்லை, வழக்கு அது இது என்று அலைய இப்போது தெம்பில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் வீட்டுக்கு நர்ஸ் அனுப்பி, தொலைபேசியில் டாக்டர் ஆலோசனையும் தருவதாகச் சொல்லும் செயலி ஒன்று.

அம்மாவுக்கு, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. மூக்கு வழியாகவே உள்ளே போய் எடுத்தார்கள். மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் எலும்பில் துளையிட்டுப் போய், திரும்பி வரும்போது அந்த இடத்தை அடைத்துவிடுவார்கள். அது ஆறிப் பிடிக்கும்வரைதான் பயம்.

வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில்தான் செயலியின் ‘ஒருங்கிணைப்பாளர்’ பேசினார். அவசரமே இல்லாத குரல். “மூக்கு வழி அறுவையா? தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைக்கச் சொன்னார்களா?” என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. தெரிந்தவர்தான் பேசுகிறார் என்று யாரும் நம்புவார்கள். மூளை அறுவைப் பிரிவில் பழகிய நர்ஸ் வருவார், நள்ளிரவில் அழைத்தாலும் டாக்டர் எடுப்பார், “இனிமேல் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் சார்” என்றார். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தே இரவுகளைக் கழித்தவனிடம் விற்கத் தெரிந்த வாக்கியம் அது. இரண்டு மாதச் சம்பளம் அதற்குத்தான் போனது.

வந்த நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண். முதியவர்களைக் கவனித்துப் பழகியவர். மூளை அறுவை முடிந்த நோயாளியை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று அவரே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலை அம்மா குனிந்தபோது ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சளி இல்லை, நிறமே இல்லாத தண்ணீர். படுத்தால் தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றார். உடனே செயலியை அழைத்தேன். கேமராவை அணைத்துவைத்துக்கொண்டு பேசிய டாக்டர், “மூக்கில் அறுவை செய்தால் சளி வரத்தானே செய்யும்? நன்றாகச் சிந்தச் சொல்லுங்கள், ஆவி பிடிக்கட்டும்” என்றார். அவர் டாக்டர்தானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். அம்மா சிந்தினார். மாலைக்குள் தாங்க முடியாத தலைவலி, வாந்தி. என்னை மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன்.

சொட்டியது மூளையைச் சுற்றியிருக்கும் திரவம். நம் உடலில் ஒரு நேரத்தில் சுமார் 150 மில்லி இருக்கும், நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி சுரந்துகொண்டே இருக்கும் என்றார்கள். அடைப்பு விலகினால் அது மூக்கு வழியே இறங்கும்; அதே ஓட்டை வழியே காற்று மேலே ஏறும். மூக்கைப் பலமாகச் சிந்துவது அந்தக் காற்றை உள்ளே தள்ளுவதற்குச் சமம். சில சமயம் கிழிந்த திசு சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஆகிவிடும். காற்று உள்ளே போகும், வெளியே வராது, மூளையை அழுத்தும். மூளை அறுவைக்குப் பிறகு கொஞ்சம் காற்று இருப்பது வழக்கம்தானாம். பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ உடலே உறிஞ்சிக்கொள்ளும். அம்மாவின் சி.டி. படத்தில் நெற்றிக்குப் பின்னால் கறுப்பாகத் தெரிந்தது அந்த அளவைத் தாண்டியிருந்தது. முகமூடி மாட்டி அதிக அளவு ஆக்சிஜன் கொடுத்தார்கள். ரத்தத்தில் நைட்ரஜன் குறைந்தால், உள்ளே சிக்கிய காற்று வேகமாகக் கரையுமாம். பிறகு தொடையிலிருந்து கொழுப்பெடுத்து ஓட்டையை மறுபடி அடைத்தார்கள். கிருமி ஏறி மூளைக்காய்ச்சல் வராமல் தப்பியது பெரிய விஷயம் என்றார் அறுவை செய்த டாக்டர். அம்மா இப்போது தெளிவாகப் பேசுகிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உங்கள் புகார் பதிவாகியுள்ளது.” மேலாளர் அழைப்பார் என்றார்கள், அழைக்கவில்லை. பிறகு, நர்ஸ் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தத்தில் வந்தவர் என்றார்கள். தொலைபேசி ஆலோசனை “பொதுவான தகவல் மட்டுமே” என்று விதிமுறையின் அடியில் இருக்கிறதாம். அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்டால், அது பயிற்சிக்காக மட்டுமாம். சேவை தொடங்கிவிட்டதால் ஒரு காசும் திரும்பாதாம். கடைசியாக ஒரு மின்னஞ்சல் வந்தது: அடுத்த அறுவைச் சிகிச்சைக்கு 20 சதவீதத் தள்ளுபடி. அடுத்த அறுவைச் சிகிச்சைக்கு! இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு இதை அனுப்ப ஒரு மனிதருக்குக் கை வந்திருக்கிறது.

என்னென்ன கேட்டு, எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். வரும் நர்ஸ் எந்தப் பிரிவில் வேலை பார்த்தவர் என்று எழுத்தில் வாங்குங்கள். மூக்கு வழி அறுவை என்றால், டாக்டர் அனுமதிக்கும்வரை மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மலம் கழிக்கும்போது முக்கக் கூடாது, கேட்காமல் விமானம் ஏறக் கூடாது. மூக்கிலோ தையலிலோ தண்ணீராக ஒழுகினால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் செயலியை அழைக்காதீர்கள். அறுவை செய்த மருத்துவமனைக்கே போங்கள், நள்ளிரவானாலும்.