மழைக்கு ஒரு சேடில், வெயிலுக்கு ஒரு சேடில்

போன வாரம் கிட்டாரை ரிப்பேர்ல இருந்து வாங்கிட்டு வந்த அன்னைக்குன்னு பாத்து ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணி, "விரலாலேயே மீட்டுற ஃபிங்கர்ஸ்டைல் கத்துக்கப் போறேன்டா, சின்ன பாடி கிட்டார் ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன், உன்னோடது எப்படி?"ன்னு கேட்டான். இருந்த கடுப்புல "வாங்காத"ன்னு சொல்லிட்டேன். முழு விவரம் சொல்லாம விட்டது தப்பு, அதான் எழுதுறேன்.

என்னோடது டபுள் ஓங்கிற சின்ன சைஸ், 12 ஃப்ரெட் நெக் (கழுத்துல இருக்கிற உலோகக் கோடுதான் ஃப்ரெட், 12வது கோட்டுல கழுத்து பாடியோட சேரும்), டாப், அதாவது முன்பலகை, ஸ்ப்ரூஸ் மரம், மத்ததெல்லாம் மஹோகனி, மொத்தமும் சாலிட் மரம், ஒட்டுப்பலகை இல்ல. மூணு வருஷமா திருவான்மியூர்ல, கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி இருக்கு.

சத்தம் பத்தி முதல்ல சொல்லிடறேன். முன்னாடி ட்ரெட்நாட்ங்கிற பெரிய பாடி கிட்டார் வச்சிருந்தேன், கட்டைவிரல்ல பேஸ் தட்டினா அதுவே ரூமை நிரப்பிடும், மோதிரவிரல்ல வர்ற மெலடி அதுக்கடியில காணாமப் போயிடும், அதுக்காக முதல் ஸ்ட்ரிங்கை ஓங்கி ஓங்கி இழுத்து நகம்தான் உடையும். இதுல அந்தப் போராட்டமே இல்ல. மெதுவா தொட்டாலே ஆறு ஸ்ட்ரிங்கும் தனித்தனியா பேசுது. 12 ஃப்ரெட்டுங்கிறதால ஸ்ட்ரிங்கைக் கட்டுற பிரிட்ஜ் பாடியோட நடுப்பக்கமா தள்ளி உக்காந்திருக்கு, அதான் இவ்ளோ சின்ன டப்பாவுல இந்தக் கனமான சத்தம். மூணாவது ஸ்ட்ரிங்ல அஞ்சுல இருந்து ஏழுக்கு ஒரு ஸ்லைட் போட்டா குரல் மாதிரி இழையும். ராத்திரி பாப்பா தூங்கின பிறகு பக்கத்து ரூம்லயே வாசிக்கிறேன், அசையக்கூட மாட்டா. நட் (கழுத்து முனையில ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை) அகலம் 44.5 மில்லி. பழைய 43ல சி கார்டு புடிச்சா மோதிரவிரல் நாலாவது ஸ்ட்ரிங்கை உரசிட்டே இருக்கும், இதுல ஒன்னரை மில்லி கூடுதல்தான், ஆனா விரலுக்கு அது பெரிய இடம்.

இப்ப கடுப்புக்கு வர்றேன். ஆக்‌ஷன். அதாவது ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம். வெயில் காலத்துல 12வது ஃப்ரெட்ல ஆறாவது ஸ்ட்ரிங் 2.4 மில்லி இருக்கும், ஐப்பசி மழை புடிச்சு பத்து நாள்ல 2.9 ஆயிடும். பிரிட்ஜுக்குப் பின்னாடி ஸ்டீல் ஸ்கேலை படுக்க வச்சுப் பாத்தா நடுவுல முட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் ஆடுது, அதாவது டாப் ஈரத்தைக் குடிச்சு உப்பிடுச்சு. முதல் வருஷம் தெரியாம கழுத்துக்குள்ள இருக்கிற ட்ரஸ் ராட் கம்பியைத் திருகினேன், அது நெக்கோட வளைவுக்குத்தான், இதுக்கு ஒன்னும் செய்யாது. ரிப்பேர் பண்ற அண்ணன், பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங்கைத் தாங்குற சின்னப் பட்டையான சேடில்ல ஒரு மில்லி தேச்சுக் குடுத்தார் (12வது ஃப்ரெட்ல அரை மில்லி இறங்கணும்னா சேடில்ல அதுக்கு ரெண்டு மடங்கு எடுக்கணும்). சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். மறுபடி சித்திரைல ஏசி ஓட ஆரம்பிச்சதும் டாப் இறங்கிடுச்சு, ஆறாவது ஸ்ட்ரிங் ஒவ்வொரு ஃப்ரெட்லயும் உரசி 'ஜ்ஜ்'னு இரையுது. திரும்ப அண்ணன்கிட்ட. திரும்ப காசு.

இந்த வாட்டி எலும்புலயே உயரமா இன்னொரு சேடில் செஞ்சு வாங்கிட்டேன். பக்கவாட்டுல பென்சில்ல "மழை", "வெயில்"னு எழுதி கேஸ்லயே போட்டு வச்சிருக்கேன். சீசன் மாறும்போது ஸ்ட்ரிங் ஆறையும் தளர்த்தி, துணி சுத்துன குறடால பழசைப் பிடுங்கி, புதுசைச் சொருகி, திரும்ப ட்யூன் பண்ணணும். வாசிக்கணும்னு ஆசையா கையில எடுக்கிற நேரத்துல இந்த வேலை வந்து நின்னா எவ்ளோ எரிச்சல் வரும்னு அனுபவிச்சாதான் தெரியும்.

அதனால அவனுக்கு என் பதில் மாறல. கடலோரத்துல வீடுன்னா மொத்த சாலிட் வேணாம், இதே சைஸ்ல, இதே நட் அகலத்துல லாமினேட் (ஒட்டுப்பலகை) டாப் வாங்கு. சத்தம் கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும், ஆனா கார்த்திகைலயும் வைகாசிலயும் ஒரே கிட்டாரா இருக்கும். என்னோடதைக் கேக்காத, நான் விக்கிறதா இல்ல. அப்படியும் சாலிட்தான் வேணும்னு நின்னா, கடைக்குப் போறப்ப ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போ, பிரிட்ஜுக்கு மேல சேடில் மூணு மில்லியாவது தெரியுதான்னு பாரு, அதுக்குக் கம்மின்னா தேய்க்க இடமே இருக்காது, எவ்ளோ நல்லா கேட்டாலும் வச்சுட்டு வந்துடு.