மாறுகண் திமிங்கிலம்: 1:400 பெலுகா எக்ஸ்எல் மாடல்

விமானப் பாகங்களைச் சுமக்க ஏர்பஸ் செய்த, பெலுகா திமிங்கிலத்தின் பெயர் கொண்ட பெலுகா எக்ஸ்எல் சரக்கு விமானத்தை 1:400 அளவில் உலோகத்தில் வார்த்த மாடல், வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நிஜ விமானம் 63.1 மீட்டர் நீளம். மாடல் ஒரு சாண்கூட இல்லை, 16 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உடம்பின் விட்டம் 8.8 மீட்டர் என்றால் மாடலில் 2.2 சென்டிமீட்டர் வர வேண்டும், அளந்து பார்த்தேன், வந்தது.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் பார்த்தது மூக்கைத்தான். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண். முன்பு ஏர்பஸ் வைத்திருந்த சூப்பர் கப்பி சரக்கு விமானத்தில் காக்பிட்டோடு (விமானி அறை) சேர்ந்து மூக்கு முழுவதும் பக்கவாட்டில் திறக்கும், அதனால் சரக்கு ஏற்றும் ஒவ்வொரு தடவையும் விமானியின் கட்டுப்பாட்டு இணைப்புகளைப் பிரித்து மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. பெலுகாவில் காக்பிட்டையே சரக்குத் தளத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். கதவு அதற்கு மேலே நெற்றி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, மேல்நோக்கித் திறக்கும், ஒரு ஒயரைக்கூடத் தொட வேண்டாம். அந்த நெற்றி காக்பிட்டில் வந்து சேரும் இடத்தில் ஒரு பள்ளம் விழும் பாருங்கள், அதை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். காசு அதற்கே சரியாகிவிட்டது.

ஆனால் கதவு திறக்காது, வெறும் கோடு! இதற்கு முந்தைய பெலுகாவில் ஏ350 பயணிகள் விமானத்தின் இறக்கை ஒன்றுதான் போகும், இதில் ஒரே நடையில் இரண்டு போகும், அதற்காகவே ஏ330 விமானத்தை இவ்வளவு உப்ப வைத்தார்கள். அந்த வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முடியாதது பெரிய குறைதான்.

வால் பிரமாதம். முன்பக்கம் உப்பிய உடம்பைக் காற்று பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும், நேராகப் பிடித்து வைக்க நடு வால் மட்டும் போதாது என்று கிடைமட்ட வாலின் இரண்டு முனையிலும் தனித் துடுப்புகள் வைத்திருக்கிறார்கள். நிஜ விமானத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து எடுத்த என் படங்களில் அவை மெல்லிய கோடாகத்தான் விழுந்திருந்தன, என்ன வடிவம் என்று மாடலைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஸ்பாட்டிங் (விமானங்களைப் பார்த்துப் படமெடுப்பது) போகிறவர்கள் வாங்க இது ஒன்றே போதும்.

அப்புறம் அந்தக் கண். எக்ஸ்எல்லின் முகத்தில் கண்ணும் சிரிப்பும் வரைந்திருப்பது தெரிந்ததுதானே, எனக்கு வந்ததில் இடது கண் ஒரு மில்லிமீட்டர் கீழே அச்சாகி மாறுகண் ஆகிவிட்டது. விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன், பதிலே இல்லை. சரி என்று வலது பக்கத்தை முன்னால் திருப்பி அலமாரியில் வைத்திருக்கிறேன்.