ஸ்ட்ரோக் வந்தவங்க ரெண்டு கையிலயும் கட்டுற மோஷன் சென்சார், எங்க அனுபவம்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக்ல இடது கை விழுந்துருச்சு. பிசியோ மேடம் சொல்லி, வாட்ச் சைஸ் சென்சார் ஒரு ஜோடி வாடகைக்கு எடுத்து யூஸ் பண்ணிட்டு இருக்கோம். வீட்ல இதே நிலைமைல ஆள் இருக்குறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

உள்ள இருக்கறது நம்ம போன்ல அசைவையும் திரும்புறதையும் அளக்குற அதே ஆக்சிலரோமீட்டர், கைரோஸ்கோப்தான். ஆனா ஒரு கைல மட்டும் கட்டுற ஃபிட்னஸ் பேண்ட் இதுக்கு பத்தாது, ரெண்டு கையையும் ஒப்பிட்டு பாக்கணும். நல்லா இருக்குறவங்களுக்கு வலது கை ஒரு மணி நேரம் வேலை செஞ்சா இடது கை கிட்டத்தட்ட 57 நிமிஷம் செய்யுது, அமெரிக்காவுல கேத்தரின் லேங்ங்கற ஆராய்ச்சியாளரோட டீம் இப்படித்தான் சென்சார் கட்டி அளந்தாங்க. சென்சார் காட்டுற அப்பாவோட கிராஃப்ல பிசியோ நேரத்துல மட்டும் இடது கையோட கோடு எழும்புது, மேடம் கிளம்பினதும் படுத்துருது, ஏன்னா காபி டம்ளர்ல இருந்து கதவு தாழ்ப்பாள் வரைக்கும் எல்லாத்துக்கும் வலது கைதான் போகுது. இப்படி யூஸ் பண்ணாம விட்டு விட்டே முடியுற கையும் முடங்கிரும்னு சொன்னவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எட்வர்ட் டாப், நல்ல கைக்கு உறை மாட்டி முடியாத கைய வேலை வாங்குற சிகிச்சை அவரோடதுதான், 2006ல வந்த எக்சைட்ங்கற மருத்துவ ஆய்வுலயும் அதுக்கு பலன் தெரிஞ்சுது.

அந்த கோட்ட அப்பாகிட்டயே காட்டினோம், ரொம்ப நேரம் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா மறுநாள் பேப்பர மடிக்கும்போது இடது கைய மேல வச்சு அமுக்கி பிடிச்சிக்கிட்டாரு. எனக்கு இந்த சென்சார் புடிச்சதே அதனாலதான்.

குறையும் இருக்கு. நடக்கும்போது கை சும்மா ஆடுனாலும் வேலை செஞ்சதா கணக்கு ஏறிடும், அதனால வாக்கிங் போற நேரத்த கழிச்சுட்டு பாருங்க. விரல் அசையுதான்னு இது சொல்லாது, மணிக்கட்டு வரைக்கும்தான். ஸ்ட்ராப் பக்கிள் டைப், ஒத்த கையால போடவே முடியாது, வெல்க்ரோ இருக்கான்னு கேட்டு வாங்குங்க. கை வீங்கியிருந்தா தளர்வா கட்டுங்க, உணர்ச்சி கம்மியா இருக்கறவங்களுக்கு இறுக்கறது தெரியாது, ராத்திரி கழட்டி தோல பாத்துருங்க.

பிசியோவுக்கு பதிலா இது போதும்னு யாராவது வித்தா வாங்காதீங்க. வாரா வாரம் கிராஃப பாத்து என்ன மாத்தணும்னு சொல்ல பிசியோ இருந்தா தாராளமா எடுக்கலாம், முதல்ல வாடகைக்கே எடுங்க.